சிவப்புச் சக்களத்தி: அத்தியாயம் 14 – யார் எடைக்கு?

அப்பாவின் பேண்ட் இடுப்பில் இன்னொரு அங்குலம் உள்ளே போனது.

ஊசி மிஷினை நிறுத்தி நூலைப் பல்லால் கடித்தாள். இதே பேண்ட்டை இதற்கு முன்பும் இரண்டு முறை பிடித்திருக்கிறாள். குளம் வற்ற வற்றக் கரையில் விழும் கோடுகளைப் போல, பழைய தையல்கள் உள்பக்கம் வரிசையாகக் கிடந்தன.

வீட்டில் அவளுக்கு ஊசி என்றுதான் பெயர். பொம்மைக்குச் சட்டை தைத்த வயதில் அம்மா வைத்தது. இப்போது துணிக்கடை மாடியில் ஆல்ட்டரேஷன் பிரிவையே பார்த்துக்கொள்கிற வயதிலும் மாறவில்லை. வாங்குகிறவர்களின் உடம்புக்கு ஏற்ப உடையைக் குறைப்பது அவள் தொழில். உடம்பு குறைவது வெளியே தெரியாதபடி உடையைக் குறைப்பது வேறு வித்தை. அதை அவள் இந்த வீட்டில்தான் கற்றுக்கொண்டாள்.

டாக்டர் அறையில் அவளும் அப்பாவும் மட்டும் உட்கார்ந்து கேட்ட அந்தச் செய்தி இன்னும் அந்த இருவரிடம்தான் இருக்கிறது. "இனிமே கத்தி வெச்சுப் பிரயோஜனமில்லை" என்று டாக்டர் சொன்னதும் அப்பா அவருக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். ஆஸ்பத்திரிப் படியில் நின்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "நம்ம சிவப்பு வண்டி ரெடியாகுற வரைக்கும் உங்க அம்மாவுக்கும் தம்பிக்கும் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணிவிட்டாள். கப்பல் வேலையில் இருக்கும் கணவனிடம்கூடப் போனில் சொல்லவில்லை. சொன்னால் குரல் உடைந்துவிடும். உடைந்த குரலோடு சமையலறைக்குள் போக முடியாது.

"விடியறதுக்குள்ள என்னடி மிஷின் சத்தம்?"

அம்மா வாசலில் நின்றாள். வேலைக்குக் கிளம்பிய கோலம். கையில் காபி டம்ளர்.

"அப்பா பேண்ட்டும்மா. ஓரம் பிரிஞ்சிருச்சு."

"இந்த வீட்ல அவர் பேண்ட்டுக்கு மட்டும்தான் ஓரம் பிரியுது. என்னோடது ஒண்ணும் பிரிய மாட்டேங்குது, இறுக்கித்தான் பிடிக்குது."

ஊசி சிரித்தாள். சிரிப்பு கொஞ்சம் நீண்டுவிட்டது. அம்மா அதைக் கேட்டபடி காபியை ஒரு மிடறு குடித்தாள்.

அம்மா மொத்தக் காய்கறிக் கடையில் தராசுக் கவுண்டரில் இருப்பவள். மூட்டையைக் கையால் ஒரு தூக்குத் தூக்கினால் போதும், கிலோவைச் சொல்லிவிடுவாள். தராசு அப்புறம் ஆமாம் போடும். ஆனால் அவள் எடையை மட்டும் யாரும் அறியமாட்டார்கள். ஒருநாள் தம்பி கேட்டதற்கு, "தராசு என்கிட்ட வேலை பார்க்குதுடா. முதலாளி எடையை வேலைக்காரன் பார்க்கலாமா?" என்று கேட்டாள்.

அந்தக் கைக்குத்தான் ஊசி பயந்தாள். போன வாரம் அப்பா படியில் தடுக்கினபோது, அம்மாதான் எட்டி அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். பிடித்த கையை உடனே எடுக்கவில்லை. பிறகு உள்ளே போய்விட்டாள்.

"இன்னிக்குத்தானே அந்தச் சிவப்புச் சக்களத்திக்குப் புதுக் கால் பார்க்கப் போறீங்க?"

"காலில்லம்மா, சஸ்பென்ஷன்."

"ஏதோ ஒண்ணு. எனக்கு முதுகு போனப்ப ஒரு மெத்தை வாங்கித் தர நாலே நாலு கடைதான் ஏறி இறங்கினார். அவளுக்குன்னா ஆறு மாசமா ஆராய்ச்சி."

"சக்களத்தின்னு சொல்றியே, உன் கல்யாணத்துக்கு முன்னாடியே வந்துட்டாளே அவ."

"அப்ப நான்தான் சக்களத்தின்னு சொல்லு." டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினவள், ஹாலில் கட்டிலில் படுத்திருந்த அப்பாவை ஒரு கணம் பார்த்தாள். அவளுடைய குறட்டை தாங்கவில்லை என்று சொல்லி அவர் ஹாலுக்கு இடம் மாறி எத்தனையோ நாளாகிவிட்டது. "குறட்டையாம் குறட்டை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

---

வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டே சீட்டு; தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். செய்த கம்பெனி அந்த மாடலையே மறந்துவிட்டது. குழிகளின் அதிர்வைத் தாங்கும் பழைய ஷாக் அப்சார்பர்கள் எண்ணெய் கக்கி ஓய்ந்துவிட்டன. கம்பெனி பாகம் கிடைக்காததால் வெளியார் செய்து விற்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பொருத்த வேண்டும்.

அப்பா டிரைவிங் பள்ளி மாஸ்டர். வாழ்க்கை முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அடுத்தவர் ஓட்ட, அடுத்தவருக்காகப் பிரேக் மிதித்தவர். இந்த வண்டியில் மட்டும்தான் அவருக்கு ஓட்டுகிற சீட்டு. அதில் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கடற்கரை வரைக்கும் ஒரு முறை போய்வர வேண்டும் என்பது ஆசை. மூட்டை தூக்கி முதுகு பிசகியதிலிருந்து அம்மா அதில் ஏறுவதில்லை. "ஒவ்வொரு குழியும் என் முதுகெலும்புல கையெழுத்துப் போடுது" என்பாள்.

தம்பிக்கு வேறு ஆசை. லிஃப்ட் மெக்கானிக்கான அவன் அடுத்த மாதம் நடக்கும் மலைப்பாதைப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்தான். அந்த வண்டியில், அப்பா பார்க்க, ஒரு தடவை ஜெயிக்க வேண்டும்.

மாட்டப்போவது ஒரே செட். ஆசை இரண்டு.

---

சஸ்பென்ஷன் பட்டறையில் ரப்பரும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை. இரண்டு பிள்ளைகளோடு உள்ளே வந்த அப்பாவைப் பார்த்ததும் பட்டறைக்காரர் எழுந்துவிட்டார்.

"வாங்க மாஸ்டர்! என்ன, இந்த வெயில்ல கோட்டு?"

"பொண்ணு தைச்சது. போடலைன்னா கோவிச்சுக்குவா."

கோட்டுத் தோளில் இரண்டடுக்குப் பஞ்சு வைத்திருந்தாள் ஊசி. மார்பில் விறைப்பான கான்வாஸ். உள்ளே இருக்கிறவர் எவ்வளவு சுருங்கினாலும் கோட்டு தன் பாட்டுக்கு நிமிர்ந்து நிற்கும்.

"தெரியுமா தம்பி, உங்கப்பா என்னை மூணு மாசம் கிளட்ச் மட்டும் மிதிக்க வெச்சார். ஸ்டியரிங்கைத் தொடவே விடலை. இன்னிக்கும் கனவுல கால் ஆடுது, பொண்டாட்டி உதைக்கிறா."

"மிதிக்கத் தெரியாதவனுக்கு எதுக்குடா ஸ்டியரிங்?" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரித்து முடித்துவிட்டு மெல்ல ஸ்டூலைத் தேடிப் பிடித்து உட்கார்ந்ததை ஊசி மட்டும் பார்த்தாள்.

மேஜையில் இரண்டு செட் இருந்தன. ஒன்றில் தடித்த கம்பி, நெருக்கமில்லாத குட்டையான ஸ்பிரிங். பக்கத்தில் எண்ணெய்க்கு ஒரு தனிக்குப்பி, மேலும் கீழும் 'நாப்' என்கிற இரண்டு திருகு குமிழ்கள். இன்னொன்று மெல்லிய கம்பியில், கொஞ்சம் உயரமாக, ஒற்றைக் குமிழோடு. இரண்டிலும் உயரத்தை ஏற்றி இறக்க வளையம் இருந்தது.

தம்பி முதல் செட்டைத் தூக்கிக் கைக்குழந்தை மாதிரி வைத்துக்கொண்டான். "இதுதான். பார்த்ததுமே முடிவு பண்ணிட்டேன்."

"பொண்ணு பார்க்கப் போனாலும் இவன் இப்படித்தான் மானத்தை வாங்குவான்" என்றார் அப்பா.

"இல்லப்பா, அட்ஜஸ்ட் பண்ணலாமில்ல? பந்தயத்துக்கு நாபைக் கெட்டியா திருகிக்கிறேன். அம்மா வர்றன்னிக்கு லூஸா திருகிட்டா மெத்தை மாதிரி போகும். ரெண்டு பேருக்கும் ஆச்சு."

பட்டறைக்காரர் தலையை ஆட்டினார். "இங்க வர்ற எல்லாரும் இதைத்தான் சொல்லிட்டு வர்றாங்க. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. இங்க வாம்மா, இதைத் திருகு."

ஊசி குமிழைத் திருகினாள். டிக், டிக் என்று விரலுக்குள் ஒரு சின்ன அதிர்வு.

"இப்ப ஸ்பிரிங்கை அமுக்கு."

இரண்டு உள்ளங்கையும் வைத்து அமுக்கினாள். அசையவில்லை. குமிழை எதிர்ப்பக்கம் கடைசிவரை திருகிவிட்டு அமுக்கினாள். அப்போதும் அசையவில்லை.

"பார்த்தியா? நாப் என்ன பண்ணும்? ஸ்பிரிங் அமுங்கி எழும்பறப்ப எவ்வளவு வேகமா எழும்பணும்னு அடக்கி வைக்கும். அவ்வளவுதான் அதோட அதிகாரம். பாரத்தைத் தாங்கறது ஸ்பிரிங். அது கெட்டின்னா கெட்டிதான். கடைசி வரைக்கும் திருகினாலும் மெத்துன்னு ஆகாது."

"அப்ப பந்தயம் முடிஞ்சதும் மாத்திக்கிட்டா?" என்றான் தம்பி.

"மாத்தலாம். ஆனா இந்தப் பழைய மாடலுக்கு இருக்கறது இந்த ரெண்டு செட்டுதான். நீங்க வேணாம்னு விடறது வேற ஆளுக்குப் போயிரும். அவர் காத்துட்டிருக்கார். திரும்பச் சொல்லி வர பல மாசம் ஆகும்."

"வரட்டுமே. அம்மா இத்தனை வருஷமா ஏறலை. இன்னும் நாலஞ்சு மாசத்துல என்னப்பா குடி முழுகிடப் போகுது?"

ஊசி குமிழிலிருந்து விரலை எடுத்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் உயரமான செட்டின் ஸ்பிரிங்கை உள்ளங்கையால் லேசாக அமுக்கிக்கொண்டிருந்தார். அது அவர் கைக்கே வளைந்து கொடுத்தது.

"சரிடா" என்றார் கையை எடுத்துக்கொண்டு. "உனக்குப் பிடிச்சதையே போடு."

"அப்பா, நீங்க ஆசைப்பட்டது…"

"ஊசி." அவ்வளவுதான் சொன்னார். பிரேக் மிதிக்கிற குரல். அவள் நின்றுவிட்டாள்.

---

"எதைப் போட்டாலும் முதல்ல எடை பார்த்துடுவோம்" என்றார் பட்டறைக்காரர். "நாலு சக்கரத்துலயும் பாரம் எப்படி விழுதுன்னு தெரிஞ்சாத்தான் வளையத்தை எந்த உயரத்துல நிறுத்தறதுன்னு முடிவு பண்ண முடியும். ஓட்டறவர் உக்கார்ந்தா ஒரு பக்கம் சாயுமில்ல?"

ஊசி நிமிர்ந்தாள். எடையா?

வீட்டுக் குளியலறைத் தராசின் பேட்டரியைக் கழற்றி ஒளித்தது அவள்தான். டாக்டரிடம் போகும்போதெல்லாம் எடைச் சீட்டை அங்கேயே கிழித்துப் போட்டதும் அவள்தான். சட்டை, பேண்ட், காலர், கைக்கடிகாரத்தின் வார் எல்லாவற்றையும் யோசித்தவளுக்கு, காருக்கும் தராசு உண்டு என்பது தோன்றவில்லை.

சிவப்பு வண்டியைத் தள்ளிவந்து சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு தட்டையான தராசுப் பலகைகள் மேல் ஏற்றினார்கள். பலகைகளிலிருந்து வந்த ஒயர்கள் சுவரிலிருந்த பெட்டியில் முடிந்தன. அதில் எண்கள் பச்சையாக எரிந்தன.

"வெறும் வண்டி தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு கிலோ. ஏறு தம்பி."

தம்பி ஏறினான்.

"ஆயிரத்து முப்பத்தாறு. அப்ப நீ எழுபத்துநாலு. சரியா?"

"கரெக்டா சொல்லுது."

"இறங்கு. மாஸ்டர், நீங்க ஏறுங்க."

"அப்பா எதுக்கு?" ஊசியின் குரல் அவளுக்கே உரக்கக் கேட்டது. "தம்பிதானே பந்தயம் ஓட்டப் போறான். அவனுக்கே செட் பண்ணிடுங்களேன்."

"பந்தயம் ஒரு நாள். மத்த நாளெல்லாம் வண்டி மாஸ்டரோடதுதானே? ரெண்டு பேருக்கும் பொதுவா நடுவுல வைக்கணும்மா."

அப்பா மகளைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வண்டியின் கதவு திறந்து கிடந்தது. அது அவருடைய ஒரே ஓட்டுகிற சீட்டு. கதவின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முதலில் ஒரு காலை விட்டு, பிறகு உடம்பை இறக்கி, மற்றக் காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தார். ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்தபோது அவர் முகம் ஒரு நொடி இளமையாக இருந்தது.

"ஆயிரத்துப் பதினொண்ணு" என்று படித்தார் பட்டறைக்காரர். பிறகு பெட்டியைத் தட்டினார். "மாஸ்டர், உங்க எடை எவ்வளவு?"

"எழுபத்தெட்டு." யோசிக்காமல் வந்தது பதில்.

"அப்ப தராசு எங்கேயோ தப்புப் பண்ணுது. தம்பிக்குச் சரியா காட்டுச்சே? ஒயர் லூஸா இருக்கும். கொஞ்சம் இறங்குங்க, மறுபடி பார்த்துடுவோம்."

"விடுங்க, தராசு ரிப்பேர்னா இன்னொரு நாள் வர்றோம்" என்றாள் ஊசி.

"அஞ்சு நிமிஷம்மா. தராசு தப்புன்னா தொழிலே தப்பு."

ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் துடைத்துச் செருகினார். தம்பி மறுபடி ஏறினான். எழுபத்துநாலு. இறங்கினான். மூலையில் கிடந்த மணல் மூட்டைகளில் ஒன்றைத் தூக்கி சீட்டில் போட்டார். மூட்டையில் எழுதியிருந்த எடையையே பெட்டியும் காட்டியது. தராசின் மேல் குற்றமில்லை.

அப்பா மறுபடி ஏறினார்.

ஆயிரத்துப் பதினொன்று.

பட்டறைக்காரர் இந்தத் தடவை உரக்கப் படிக்கவில்லை. படிக்க வேண்டியிருக்கவில்லை. தம்பி லிஃப்ட்காரன், பாரத்தைக் கழித்துக் கூட்டுவது அவனுக்கு மூச்சு விடுகிற மாதிரி. அவன் உதடு அசைவதை ஊசி பார்த்தாள்.

நாற்பத்தொன்பது. கோட்டோடு சேர்த்து.

பஞ்சுக்கு எடை இல்லை. அளவு நாடாவை ஏமாற்றத் தெரிந்தவளுக்குத் தராசை ஏமாற்றத் தெரியவில்லை.

அப்பா இறங்குவதற்குத் தம்பி கை கொடுத்தான். அவனுடைய மற்றக் கை அவர் தோளைத் தாங்கியது. பஞ்சு அமுங்கிற்று, அமுங்கிக்கொண்டே போயிற்று. அவன் கையை எடுக்காமல் அப்படியே அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

---

பட்டறைக்குப் பின்னால் பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். தம்பி அவள் மணிக்கட்டைப் பிடித்து அங்கே இழுத்துக்கொண்டு போனான்.

"எப்பலேர்ந்து?"

"மெதுவா பேசு."

"எப்பலேர்ந்துன்னு கேட்டேன்."

சொன்னாள். டாக்டர் அறை, படி, சத்தியம், எல்லாவற்றையும். இத்தனை நாள் ஒருத்தியாகத் தூக்கியதை இறக்கி வைத்தால் இலேசாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. அது அவன் தலையிலும் ஏறியது, அவள் தலையிலும் அப்படியே இருந்தது.

"அந்தக் கோட்டு நீ தைச்சது."

"ஆமா."

"ஓரம் பிரிஞ்சிருச்சு, ஓரம் பிரிஞ்சிருச்சுன்னு தினமும் மிஷின்ல உக்கார்ந்து… முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கே. எங்களை முட்டாளாக்கத்தான் தையல் கத்துக்கிட்டியாக்கா?"

"அவர் கேட்டார்டா. நான் என்ன பண்றது?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்!"

"சொல்லியிருந்தா நீ பந்தயத்தை விட்டிருப்பே. அது உனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்."

அவன் ஒரு டயரைக் காலால் உதைத்தான். அது அசையவில்லை. பிறகு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான். முகத்தைக் கையால் மூடிக்கொண்டபோது விரல்களில் கிரீஸ் இருந்தது.

"லிஃப்ட்ல பாரம் அதிகமாச்சுன்னா அலாரம் கத்தும்க்கா. அதுக்குன்னு நாங்க தனியா செட் பண்றோம். குறைஞ்சா கத்தாது. எத்தனை பேர் இறங்கிப் போனாலும் எந்த லிஃப்டும் கத்தாது."

ஊசி அவன் தலையில் கை வைத்தாள். சின்ன வயதில் அவன் காய்ச்சலில் படுத்தபோது வைத்த அதே இடம்.

"நாலஞ்சு மாசத்துல என்ன குடி முழுகிடும்னு கேட்டேனே" என்றான் அவன், கையை எடுக்காமலே. "அவர் முகத்துக்கு நேரா கேட்டேனே."

அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். கன்னத்தில் கிரீஸ் இழுபட்டிருந்தது. அவள் தன் முந்தியிலிருந்த கைக்குட்டையால் அதைத் துடைத்தாள். வேறு வழியில்லை, மறைக்கிற வேலை அவளுக்குப் பழகிவிட்டது.

---

"உயரமா இருக்கே, அந்த சாஃப்ட் செட்டையே போடுங்க" என்றான் தம்பி உள்ளே வந்ததும்.

ஸ்டூலில் இருந்த அப்பா நிமிர்ந்தார். "பந்தயம்?"

"இல்லப்பா, யோசிச்சேன். பழைய பாடி. ஸ்பிரிங் மாட்டற மேல் மவுண்ட்டெல்லாம் துரு. அவ்வளவு கெட்டியான ஸ்பிரிங்கைப் போட்டா ஸ்பிரிங் வளையாது, பாடிதான் கிழியும். இவரும் அதைத்தான் சொன்னார்."

பட்டறைக்காரர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவர் பச்சை எண்களைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். "ஆமா மாஸ்டர்" என்றார் மெதுவாக. "பழைய உடம்பு தாங்காது."

அப்பா மகனை வெகுநேரம் பார்த்தார். துடைத்த கன்னத்தில் தோல் சிவந்திருந்தது. பிறகு மகளைப் பார்த்தார்.

"நீயும் உங்கக்காகிட்ட தையல் கத்துக்கிட்டியாடா?"

தம்பி அப்பாவின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உயரமான செட்டின் வளையத்தைத் துணியால் துடைக்க ஆரம்பித்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. அப்பாவின் கை அவன் முதுகில் வந்து நின்றது.

பட்டறைக்காரர் தொண்டையைச் செருமினார். அவருக்குத் தெரிந்த ஒரே ஆறுதல் வேலைதான். "பக்கத்து சீட்டுல யார் உக்காருவாங்க? அந்த எடைக்கு மணல் மூட்டை வெச்சுப் பார்த்துடறேன்."

"என் வீட்டுக்காரி" என்றார் அப்பா.

"என்ன எடை?"

அப்பா தம்பியைப் பார்த்தார். தம்பி அக்காவைப் பார்த்தான். அந்தத் துக்கத்திலும் மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அது ராஜ ரகசியம்" என்றாள் ஊசி. "கேட்டவங்க யாரும் உருப்பட்டதில்லை."

"நான் கேட்கறேன். இனிமே எனக்கென்ன பயம்?" என்றார் அப்பா. "போனைப் போடுடா."

தம்பி அப்பாவின் போனில் எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்து, போனைச் சிவப்பு பானெட்டின் மேல் வைத்தான். முதலில் காய்கறிக் கடையின் இரைச்சல் வந்தது.

"முட்டைக்கோஸ் தனியா வைங்க, அதோட எடையில இதைச் சேர்க்காதீங்க… ஹலோ! என்னங்க?"

"இங்க பாரு, உன் எடை எவ்வளவு?"

இரைச்சல் மட்டும் கேட்டது.

"சக்களத்தி கேட்கறாளா?"

"அவளேதான். உன்னைப் பக்கத்து சீட்டுல உக்கார வெச்சுத்தான் செட் பண்ணணுமாம். முதுகு வலிக்காத மாதிரி."

"நான் எப்ப அதுல ஏறறேன்னு சொன்னேன்?"

"ஏற மாட்டியா?" அப்பாவின் குரலில் விளையாட்டு எதுவும் இல்லை.

மறுபடி இரைச்சல். யாரோ உருளைக்கிழங்கு கேட்டார்கள். அம்மா அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை.

"அறுபத்தாறு" என்றாள்.

தம்பியின் கையிலிருந்த துணி நின்றது. பட்டறைக்காரர் மணல் மூட்டைகளைப் பார்க்கப் போனார். ஊசி மட்டும் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளிடம்கூடச் சொல்லாத ஒன்றை அம்மா ஏன் இவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிட்டாள்? கடையில் அம்மா எதையும் சும்மா கொடுப்பவள் இல்லை.

"வண்டியோட எடையைப் பார்த்திருக்காங்க" என்றாள் அம்மா. "அப்ப உங்களையும் ஏத்திப் பார்த்திருப்பாங்க."

அப்பா கோட்டின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இத்தனை வருஷமா யாருக்கும் சொல்லாததை நடுக்கடையில நின்னு சொல்லிட்டேன். இப்ப உங்களோடதைச் சொல்லுங்க."

"என்னோடதா? எழுபத்…"

"எழுபத்தெட்டுன்னு சொல்லாதீங்க." குரல் உயரவில்லை. பில் போடுகிற குரல்தான். "அன்னிக்குப் படியில உங்க கையைப் பிடிச்சேன். நான் பிடிச்ச கை எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். மீதியைத்தான் கேட்கறேன்."

தம்பி போனை எடுக்கக் கையை நீட்டினான். அப்பா எழுந்து அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். மற்றக் கையால் கோட்டின் பித்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தார். கழற்றி ஊசியின் கையில் கொடுத்தார். கோட்டு அங்கேயும் நிமிர்ந்துதான் நின்றது. சட்டையோடு நின்ற அப்பாவை அவளால் பார்க்க முடியவில்லை.

அவர் பானெட்டின் மேல் குனிந்தார்.

"பக்கத்துல ஆளுங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இருந்தாங்க. கவுண்டரை மூடிட்டேன்" என்றாள் அம்மா. "சொல்லுங்க."